சமையல் கற்றுக்கொள்ள வரும் அண்ணன் மகள்: வடசென்னையில் யாரிடம் அனுப்பலாம்?

கல்மண்டபம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஜனவரி தொடக்கத்தில் இந்தியா வருகிறாள், பிப்ரவரி பாதி வரை இருப்பாள். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, நடுவில் காரைக்குடி, கொச்சி, உதய்பூர், அமிர்தசரஸ் என்று ஒரு சுற்று போய்வருவதாகத் திட்டம். கோயில், கோட்டை பார்ப்பதைவிடச் சமையல் கற்றுக்கொள்வதில்தான் அவளுக்கு ஆசை. "அத்தை, போகிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு சமையலாவது என் கையால் செய்து பழகிவிட்டுத்தான் திரும்புவேன்" என்கிறாள்.

சென்னையில் சமையல் வகுப்பு என்று தேடினால் மயிலாப்பூர், அடையாறு, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள்தான் வருகின்றன. பாரிமுனைக்கு வடக்கே எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. காசிமேட்டு மீன், சவுகார்பேட்டை வீட்டுச் சமையல், பர்மாச் சாப்பாடு, பாய் வீட்டு பிரியாணி, பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் சமையல் என்று இத்தனையும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் இருக்கும்போது, தெற்கே போய்ப் பணம் கட்டி சாம்பார் கற்றுக்கொள்ள அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் நானே சொல்லித் தருவேன். மற்றதற்கு யாரைக் கேட்கலாம், எவ்வளவு கொடுப்பது நியாயம், வெளியூர்களில் எப்படித் தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவள் எல்லாம் சாப்பிடுவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

தண்டையார்பேட்டை81

அக்கா, நல்ல கேள்வி. வெளியூர் விஷயத்தை நான் முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டரிங் படித்துவிட்டு சில வருடம் ராஜஸ்தானில் வேலை பார்த்தவன் நான்.

உதய்பூரில் பிச்சோலா ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் சமையல் வகுப்புப் பலகைகள் நிறைய இருக்கும். பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரம். மசாலா டீ, பக்கோடா, வெங்காயம் தக்காளி வதக்கிய ஒரு அடிப்படை மசாலா, அதை வைத்தே ஒரு பனீர், ஒரு உருளைக்கிழங்கு, கடைசியில் சப்பாத்தி. வெளிநாட்டிலிருந்து வந்து முதல்முறையாக நம் அடுப்பைப் பார்ப்பவர்களுக்கு அது போதும். உங்கள் அண்ணன் மகள் வீட்டில் கோழிக் குழம்பு கொதிக்கிற வாசத்தில் வளர்ந்தவள். அவளுக்கு அங்கே புதிதாக ஒன்றும் கிடைக்காது. உதய்பூரில் பணம் கொடுத்துப் படிப்பதென்றால் தால் பாட்டி (பருப்பும் சுட்ட கோதுமை உருண்டையும்), கட்டே கி சப்ஜி (கடலை மாவு உருண்டைக் குழம்பு), கேர் சாங்ரி (காய்ந்த பாலைவனக் காய்கள்) என்று அந்த மண்ணின் சமையலைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் குறைந்த பூமி அது. மோரையும் கடலை மாவையும் காய்ந்த காயையும் வைத்துக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

எந்த ஊராக இருந்தாலும் பதிவு செய்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கரண்டி என் கையில் இருக்குமா, இல்லை நான் நின்று பார்க்க வேண்டுமா? சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவீர்களா? எட்டுப் பேருக்கு மேல் என்றால் அது விருந்தாகத்தான் முடியும், படிப்பாக இருக்காது. இன்னொன்று, ஐந்து ஊரில் ஐந்து வகுப்பு என்று அலைவதைவிட ஒரே அடுக்களையில் நாலைந்து நாள் தொடர்ந்து நிற்பது மேல். முதல் நாள் பார்ப்பாள், இரண்டாம் நாள் நறுக்குவாள், மூன்றாம் நாள்தான் உப்பு போட விடுவார்கள். அந்த மூன்றாம் நாள் இல்லாமல் சமையல் வராது.

காசிமேட்டுக்காரி

மீன் சமைக்கக் கற்றுக்கொள்ள ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகில் வருகிற கொஞ்ச மீன்தான், விலையும் ஏறிக்கிடக்கும். இந்த இழையை வேறு யாராவது படித்துவிட்டு மே மாதம் கிளம்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா, உங்கள் அண்ணன் மகளை முதலில் காசிமேட்டு ஏலத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். விடியற்காலையில் ஐஸ் தண்ணீரும் கூடையும் ஓட்டமுமாக இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நின்று விளக்கம் சொல்ல நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கால் வைக்கவே இடம் இருக்காது. உங்கள் கல்மண்டபம் மார்க்கெட்டிலேயே தொடங்குங்கள். வழக்கமாக நீங்கள் வாங்குகிற மீன்காரம்மா இருப்பார் அல்லவா, அவரிடம் வார நாளில், கூட்டம் கலைந்த பிறகு, "இந்தப் பெண்ணுக்கு மீன் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழிந்திருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் சதை பள்ளம் விழாமல் திரும்ப எழ வேண்டும். சொல்லும்போது இது சுலபம். பத்து மீனைத் தொட்டுப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். தொட்டுப் பார்க்க விடுகிற ஒருவர்தான் முதல் ஆசிரியர்.

அப்புறம் எந்த மீனை எதற்கு என்பது. வஞ்சிரம் வறுவலுக்கு, சங்கரா குழம்புக்கும் வறுவலுக்கும், நெத்திலி தொக்குக்கும் மொறுமொறு வறுவலுக்கும், சுறா புட்டுக்கு. காரப்பொடி மாதிரி சின்ன மீனைச் சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும், ஆனால் அந்தக் குழம்பின் ருசி பெரிய மீனில் வராது. வஞ்சிரம் மட்டுமே தெரிந்துகொண்டு போனால் பாதிதான் கற்றதாக அர்த்தம்.

குழம்பு எங்கள் வீட்டில் வைக்கிற முறையைச் சொல்கிறேன். மண்சட்டியில் நல்லெண்ணெய், கொஞ்சம் வெந்தயம், தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் மெஷினில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள். அது எண்ணெயில் அரை நிமிடம் பிரண்ட பிறகு புளிக்கரைசல். பச்சை வாசம் போய் மேலே எண்ணெய் பிரிகிற வரை கொதிக்க வேண்டும். அதன் பிறகு மாங்காய்த் துண்டு. மீன் கடைசியில்தான். மீன் போட்ட பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மூடாமல் ஆறவிட வேண்டும். எப்போது அணைப்பது என்பதை எழுதி வைத்துக் கற்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

வடகத்தை மட்டும் அவள் இங்கே செய்து பார்க்க முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் போடுவது அது. செய்து வைத்ததை ஒரு டப்பா கொடுத்து அனுப்புங்கள்.

தங்கசாலை

சவுகார்பேட்டை பக்கம் நான் பொறுப்பு. நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குஜராத்திக் குடும்பம். வீட்டில் குஜராத்தி, வெளியே தமிழ்.

மின்ட் தெருவில் சாட், ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். மாடியில் இருக்கிற அடுக்களைகளை யாரும் பார்ப்பதில்லை. அப்பளம், கிச்சியா என்கிற அரிசி மாவு அப்பளம், தேப்லா என்கிற மசாலா ரொட்டி, ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்தே செய்து விற்கிற பெண்கள் எங்கள் தெருக்களில் நிறைய. கடைக்குச் சரக்குப் போடுகிறவர்கள் என்பதால் கை வேகமாக இருக்கும், கற்றுக்கொடுக்கிற பொறுமையும் சிலருக்கு உண்டு. தெரிந்த ஒருவர் மூலமாக அறிமுகத்தோடு போனால் மறுக்க மாட்டார்கள்.

அவள் பொங்கலுக்கு இங்கே இருப்பாள் என்றால் இன்னொரு நல்ல வாய்ப்பு. பெரும்பாலும் அதே நாளில்தான் எங்களுக்கு உத்தராயண். அன்றைக்கு ஊந்தியு செய்வோம். ஊதா நிற வள்ளிக்கிழங்கு, அவரை வகைக் காய்கள், சின்னக் கத்தரிக்காய், வாழைக்காய், வெந்தயக்கீரை போட்டுப் பிடித்த முட்டியா உருண்டை, எல்லாம் ஒன்றாக மெல்லிய தீயில் வேகும். குளிர்காலக் காய் கிடைக்கிற நாள்களில் மட்டுமே செய்கிற சமையல் அது. முந்தைய நாளே காய் நறுக்க உட்காருவோம். எங்கள் வீட்டுக்கே அனுப்புங்கள் அக்கா, என் மனைவிக்கும் அம்மாவுக்கும் மகிழ்ச்சிதான். நறுக்க ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் அவர்களுக்கும் உதவி.

போகிற வழியில் கொத்தவால்சாவடியையும் காட்டுங்கள். காய்கறி மொத்த விற்பனை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனால் மளிகை, மிளகாய், பருப்பு மொத்தக் கடைகள் இன்னும் அந்தச் சந்துகளில்தான் இருக்கின்றன. நீட்டு மிளகாய், குண்டு மிளகாய், குண்டூர், காஷ்மீரி எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயையும் கேட்டுப் பாருங்கள். எது நிறத்துக்கு, எது காரத்துக்கு என்று தெரிந்துகொண்டால், கோலாலம்பூர் கடையில் கிடைக்கிற மிளகாயை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்கே புரிந்துவிடும்.

வியாசை

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்கு ஒருமுறை ஒரு குழுவைக் கூட்டி வந்தார்கள். நடத்தியவர் பெயர் வேண்டாம். ஒரு பாட்டி வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி சமைப்பதைப் பத்துப் பேர் நின்று படம் எடுத்தார்கள். ருசி பார்த்தார்கள், கைதட்டினார்கள், போய்விட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் பணம் கட்டித்தான் வந்தார்கள். பாட்டிக்குக் கிடைத்தது ஒரு பழக்கூடை. அன்றைக்கு அவர் வியாபாரத்துக்கு வைத்திருந்த மீனும் அதில் போனது.

வடசென்னை அடுக்களைகளை யாரும் பட்டியல் போடவில்லை என்று அக்கா வருத்தப்படுகிறார். பட்டியல் போடாததால்தான் சில வீடுகள் இன்னும் வீடுகளாக இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே இருக்கிற இடத்தில் வெளியாள் ஒருவர் வந்து நிற்பது அவர்களுக்கு எத்தனை சங்கடம் என்று யோசிக்க வேண்டும். கல்மண்டபம் அக்கா அப்படிச் செய்கிறவர் இல்லை என்று தெரிகிறது. ஆனால் இந்த இழையைப் பத்து வருடம் கழித்தும் யாராவது படிப்பார்கள்.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விஷயமும் அப்படித்தான். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஆண்டுகளில் கடை, தொழில் எல்லாம் பறிபோய், கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பர்மா பஜார் 1969இல் வந்தது. பக்கத்திலேயே மாலை நேரத்தில் தள்ளுவண்டி போட்டு அத்தோ பிசைந்து பிழைத்தவர்கள் பலர். வண்டியில் நிற்கிறவரிடம் போய் "எப்படிச் செய்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்பது அவருடைய மூலதனத்தையே கேட்பது மாதிரி. பூண்டை எந்தப் பக்குவத்தில் வறுத்து எடுக்கிறார், அந்த எண்ணெயில் என்ன சேர்க்கிறார் என்பதில்தான் அவர் வியாபாரம் இருக்கிறது.

கல்மண்டபம்

வியாசை, நீங்கள் எழுதியதை அண்ணன் மகளுக்கும் படித்துக் காட்டினேன். படம் எடுக்கவே வேண்டாம், யார் வீடு என்று எங்கேயும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரருக்கு வசதி இல்லை என்றால் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து எங்கள் அடுப்பில் கற்றுக்கொள்ளலாமே என்றும் கேட்கிறாள். எங்கள் வீட்டு அடுக்களை பெரியது, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். அது சரியாக இருக்குமா?

பணம் எவ்வளவு என்பதையும் யாராவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேட்டால் எல்லாரும் "அதெல்லாம் எதுக்கும்மா" என்கிறார்கள்.

காசிமேட்டுக்காரி

உங்கள் வீட்டுக்கு அழைப்பதுதான் சிறந்தது. எங்கள் பெண்களுக்கு அது வேலைக்குப் போகிற மாதிரி கௌரவமாக இருக்கும், வீட்டை ஒதுக்கி வைக்கிற கவலையும் இல்லை. ஒன்றே ஒன்று, மண்சட்டியையும் அரிவாள்மனையையும் அவர்களே கொண்டுவரட்டும். பழகிய பாத்திரம் இல்லாமல் கை ஓடாது.

"எதுக்கும்மா" என்று சொல்வதை நம்பாதீர்கள். வீட்டில் கஷ்டம் இருக்கிறவரும் அதையேதான் சொல்வார்.

தண்டையார்பேட்டை81

பணம் பற்றி என் கருத்து இது. கல்யாண வீட்டுக்கு, விசேஷத்துக்குச் சமைக்கப் போகிற பெண்களுக்கு உங்கள் பகுதியில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். அதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. அரை நாள் வந்தாலும் முழு நாள் கூலி கொடுங்கள், ஏனென்றால் மீதி அரை நாளில் அவர் வேறு வேலைக்குப் போக முடியாது. சமைப்பதற்கு மட்டும்தான் அந்தக் கூலி. கற்றுத் தருவதற்கு அதன் மேல் பாதியாவது சேருங்கள். சாமான் செலவு முழுக்க உங்களுடையது, ஆட்டோ செலவும்தான். சமைத்ததில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். புடவை, பழம், ஸ்வீட் எல்லாம் கொடுக்க ஆசைப்பட்டால் பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குப் பதிலாக வேண்டாம்.

விடுதி வகுப்பில் ஒரு நாளுக்கு வாங்குகிற கட்டணத்தைப் பார்த்துவிட்டு இதைக் கணக்குப் போட்டால் யாருக்கும் அதிகம் என்று தோன்றாது.

வியாசை

இப்படி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மனசார ஒத்துக்கொள்கிறேன்.

மண்ணடி

பிரியாணிக்கு ஒரு வார்த்தை. பலரும் செய்கிற வேலை, தேக்சா என்கிற பெரிய அண்டாவில் ஆர்டர் எடுத்து விறகடுப்பில் ஆக்குகிற மாஸ்டரிடம் போய் நிற்பது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஐம்பது கிலோ கறி, இருட்டோடு அடுப்பு மூட்டி வெளிச்சம் வருவதற்குள் தம் போட்டுவிடுவார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு கிலோ போட முடியாது. தண்ணீர் அளவு, தீ, நேரம் எதுவும் ஒத்துப்போகாது. வீட்டுப் பிரியாணியை வீட்டில் செய்கிறவரிடம்தான் கற்க வேண்டும்.

எங்கள் உம்மா கணக்கு கிலோவுக்குக் கிலோ, அரிசியும் கறியும் சமம். வெங்காயம் பொன்னிறம் தாண்டி நன்றாகச் சிவக்க வேண்டும், அங்கே அவசரப்பட்டால் கடைசி வரை நிறமும் வராது, இனிப்பும் வராது. இஞ்சி பூண்டு விழுதை அன்றைக்கே அரைப்பார். தயிரும் கறியும் சேர்ந்து வெந்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் முக்கால் பதம் வெந்த பாசுமதி உள்ளே போகும். தம்முக்கு மூடி மேல் கனமான பாத்திரம், கீழே தோசைக்கல், மிகச் சின்னத் தீ, இருபது நிமிடம். இறக்கிய பிறகும் பத்து நிமிடம் திறக்கக் கூடாது. கூடவே கத்தரிக்காய் தொக்கு, தயிர் வெங்காயம், முடிந்தால் பிரெட் அல்வா.

அக்கா, என் தங்கையை ராயபுரத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கிற பகல் நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவாள், கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

கல்மண்டபம்

மண்ணடி பாய், ரொம்ப நன்றி. உங்கள் தங்கைக்கு எந்த நாள் வசதியோ அதற்கே நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்.

லோகோ கேட்

பெரம்பூரை மறந்துவிடாதீர்கள். ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இன்னும் சிலர் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், பெரியவர்கள்தான் மிச்சம். மஞ்சள் தேங்காய்ப்பால் சாதம், பால் கறி (ball curry), காரச் சட்னி மூன்றும் சேர்ந்தது அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பால் கறி என்றால் கொத்துக்கறியை உருண்டை பிடித்துக் குழம்பில் வேகவைப்பது. உருண்டை உடையாமல் இருப்பதுதான் அதில் வித்தை. பெப்பர் வாட்டர் என்று நம் மிளகு ரசத்துக்கு உறவான ஒன்றும் உண்டு.

கல்கல், ரோஸ் குக்கி மாதிரிப் பலகாரம் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் குடும்பமாக உட்கார்ந்து செய்வது. ஜனவரியில் வருகிறவளுக்கு அது கிடைக்காது. அடுத்த முறை டிசம்பரில் வரச் சொல்லுங்கள். இப்போதைக்கு மஞ்சள் சாதமும் பால் கறியும் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் மாடியில் குடியிருக்கிற ஆன்ட்டி பேச ஆள் கிடைத்தாலே மகிழ்கிறவர், நான் கேட்டுச் சொல்கிறேன். ஆனால் ஒரே நாளில் முடித்துக்கொண்டு ஓடக் கூடாது. இரண்டு மூன்று நாள் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், அவர் சொல்கிற ரயில்வே கதைகளைக் கேட்க வேண்டும்.

ஒற்றியூர் தேரடி

விசா பற்றி யாரும் பேசவில்லை. மலேசியக் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலா இ-விசாவில் வருவாள். அந்த விசாவிலேயே குறுகிய காலச் சமையல் பயிற்சிக்கு அனுமதி உண்டு. மொழி, இசை, நடனம், கைவினை, சமையல் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது முறையான பாடத்திட்டமாக இருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, சான்றிதழோ பட்டயமோ தரக் கூடாது. அதனால் யாராவது "டிப்ளமோ தருகிறோம், சேருங்கள்" என்றால் சேர வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். விடுதிகள் தாங்களே செய்துவிடும். வீடுகளில்தான் பலருக்கு இது தெரிவதில்லை. கடவுச்சீட்டு, விசா பக்கங்களைப் படம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. காரைக்குடி, கொச்சி போய்விட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் பதிய வேண்டும்.

போக்குவரத்துக்குக் கவலை இல்லை. 2021இல் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்துவிட்டது. விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் நம் பக்கம் இறங்கலாம்.

பழைய வண்ணை

கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறதே, அங்கே மசாலாப் பொடி, ஊறுகாய், சிறுதானியப் பலகாரம் என்று ஒருநாள் பயிற்சிகள் நடத்துவார்கள். அரசு தொழில்முனைவோர் நிறுவனத்திலும் பேக்கரி மாதிரிப் பயிற்சிகள் உண்டு. கட்டணமும் குறைவு. அங்கே அனுப்பலாமே?

தண்டையார்பேட்டை81

சார், அவை சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கானவை. பேக்கிங், உரிமம், சந்தைப்படுத்துதல் என்று போகும். நம் ஊர்ப் பெண்களுக்கு அருமையான பயிற்சி, நானே பலரை அனுப்பியிருக்கிறேன். ஊர் சுற்ற வருகிறவளுக்குப் பொருந்தாது.

ஒற்றியூர் தேரடி

அமிர்தசரஸ் போகிறாள் என்றால் அங்கே வகுப்பே தேட வேண்டாம் என்பேன். பொற்கோயிலில் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுகிற லங்கரில் யார் வேண்டுமானாலும் சேவை செய்யலாம். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால் பூண்டு உரிக்கலாம், காய் நறுக்கலாம், ரொட்டி தேய்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, கை சரியாக இல்லை என்றால் தானாகவே பிடித்துத் திருத்துவார். ஒரு பைசா கிடையாது, மதம் கேட்பதில்லை. விடாமல் நாள் முழுக்க, பல்லாயிரம் பேருக்குப் பருப்பும் ரொட்டியும் போகிற அடுக்களை. அண்டா அண்டாவாகப் பருப்பு வேகிற இடத்தைச் சுற்றிப் பார்க்கவும் விடுவார்கள். ஒரு முழுக் காலை நேரத்தை அதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரி

கொச்சி பற்றி ஒன்று. எங்கள் புளி, மாங்காய்க் குழம்பை இங்கே கற்றுக்கொண்ட பிறகு கொச்சிக்குப் போகட்டும். அங்கே அதே கடல் மீனுக்குக் குடம்புளி போடுவார்கள், மோளி என்கிற மீன் கறிக்குத் தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்துச் சேர்ப்பார்கள். ஃபோர்ட் கொச்சியில் வீட்டோடு தங்கவைத்துச் சமையல் சொல்லித் தருகிற குடும்பங்கள் பல உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு இன்னொன்றைப் பார்த்தால் எது எதற்கு என்று சீக்கிரம் பிடிபடும்.

தங்கசாலை

காரைக்குடிக்கும் அதேதான். அங்கே பங்களா என்கிற பழைய விடுதியில் தங்குகிறவர்களுக்குச் சமையல் சொல்லித் தருகிறார்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பல வருட அனுபவமுள்ள ஆச்சிகள் வழிவந்த சமையல். உப்புக்கறி, மண்டி, வெள்ளைப் பணியாரம் இவற்றைக் கேட்டு வாங்கட்டும். எல்லா ஹோட்டலிலும் செட்டிநாடு என்று எழுதி மிளகைக் கொட்டித் தருவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போது புரியும்.

கல்மண்டபம்

இத்தனை பேர் இத்தனை அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அண்ணன் மகளோடு பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். உதய்பூரைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டாள். அந்த நாள்களைச் சென்னையிலேயே சேர்த்துக்கொள்கிறாள். முதல் வாரம் மீன், எங்கள் மீன்காரம்மாவின் மருமகள் வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறார். தொகையைப் பேசிவிட்டேன், முதலில் "எதுக்கும்மா"தான், அப்புறம் ஒத்துக்கொண்டார். பொங்கலன்று காலை எங்கள் வீட்டில் பொங்கல் வைத்துவிட்டுத் தங்கசாலை சார் வீட்டுக்கு ஊந்தியு. அதன் பிறகு மண்ணடி பாய் தங்கையிடம் பிரியாணி, பெரம்பூர் ஆன்ட்டி சரி என்றால் அவரிடம் மூன்று நாள். பிறகுதான் காரைக்குடி, கொச்சி, அமிர்தசரஸ்.

ஒரு சந்தேகம் பாக்கி. அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் மாடியில் சும்மா கிடக்கிறது. அதில்தான் அரைக்கப் பழக வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். மிக்ஸியே போதுமா?

மண்ணடி

அவள் கோலாலம்பூரில் எதில் அரைப்பாளோ அதில் பழகட்டும் அக்கா. மிக்ஸியில் எத்தனை தண்ணீர் விட்டால் விழுது கெட்டியாக வரும், எப்போது நிறுத்தினால் தேங்காயிலிருந்து எண்ணெய் பிரியாது என்பது தெரிந்தால்தான் அங்கே போய்ச் செய்ய முடியும்.

காசிமேட்டுக்காரி

நானும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு நாளாவது அம்மியில் சட்னி அரைக்க வையுங்கள், பெரியவர் ஆசை.

வியாசை

அக்கா, உங்கள் பட்டியலில் பர்மாச் சமையல் இல்லையே. வண்டிக்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னேன், கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அம்மாவிடம் பேசினேன். ரங்கூனில் பிறந்தவர், அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் மொகிங்கா என்கிற மீன் சூப் நூடுல்ஸும் அவர் பாட்டி கையிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறார். படிக்கட்டு ஏற முடியாது, தரைத்தளம்தானே? அகலமான மஞ்சள் நூடுல்ஸும் மேலே நொறுக்கிப் போடுகிற மொறுமொறுப்பான பேஜோவும் நான் வாங்கி வந்துவிடுகிறேன். முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, புளி நீங்கள் எடுத்து வையுங்கள். வாழைத்தண்டு மட்டும் அன்று காலையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார். கூலி விஷயத்தில் தண்டையார்பேட்டை சொன்ன கணக்கையே அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கல்மண்டபம்

தரைத்தளம்தான் வியாசை. கூலிக்கும் சரி. பிப்ரவரி முதல் வாரம் அவள் அமிர்தசரஸிலிருந்து திரும்பி வருகிறாள். அம்மாவுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஆட்டோ நான் அனுப்புகிறேன்.